பழைய வண்டியும் புதிய திரையும்

நுழையும்முன்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இயந்திரங்களோடு பழகிய கைகள் உண்டு. அக்கைகள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படவில்லை. பழைய பந்தய வண்டிகளைப் பழுதுநீக்கி ஓட்டும் குடும்பங்கள் தம் உழைப்பைக் காணொளியாக்கி உலகோடு பகிர்கின்றன. அவ்வாறு பகிர்வதால் விளையும் பயன் யாது? தங்கவயல் மாணவர்க்கு அதில் என்ன பாடம் உண்டு? இவற்றை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

ஓடுதளத்தில் பிறந்த பந்தயம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில் வானூர்திகள் இறங்குவதற்கென ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அத்தளம் வெறுமையாகக் கிடந்தது. 1953ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் அமைப்பு, அவ்வோடுதளத்தையே பந்தயக் களமாக்கியது. இங்கிலாந்தில் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன், குட்வுட் ஆகிய பந்தயத் தடங்களும் போர்க்கால வானூர்தித் தளங்களில் உருவானவையே. போருக்காக இட்ட தளம் விளையாட்டுக்கு உதவியது.

சோழவரத்தில் ஓடிய வண்டிகளுள் பல, நாள்தோறும் தெருவில் காணப்பட்டவையே. அம்பாசடர், ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலியவற்றின் இருக்கைகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, இயந்திரத்தைச் சீராக்கிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தனர். வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. ஆதலால் தேவையான பாகத்தைப் பட்டறையில் கடைந்தும் உருக்கி வார்த்தும் தாமே செய்துகொண்டனர். ஓட்டுநரின் திறமைக்கு ஒப்பாகக் கம்மியரின் திறமையும் அங்கே வெற்றியைத் தீர்மானித்தது. பின்னர் 1990ஆம் ஆண்டு திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைந்தது. சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது.

குடும்பம் குடும்பமாக

தென்னிந்தியாவில் வண்டிப் பந்தயம் பெரும்பாலும் குடும்பக் கலையாகவே வளர்ந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி என்னும் நெடுவழிப் பந்தயங்களில் பெயர்பெற்றவர். அவர் மகன் நாராயண் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையில் இந்து சந்தோக், அவர் மகன் விக்கி சந்தோக், பேரன் கருண் சந்தோக் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இத்துறையில் ஈடுபட்டனர். பாட்டனார் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பேரன் 2010ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கினார். அவர் பிற்காலத்தில் தொலைக்காட்சி வருணனையாளராகி, பழைய பந்தய வண்டிகளைத் தாமே ஓட்டிக்காட்டி அவற்றின் இயல்பை விளக்கிவருகிறார்.

கோயம்புத்தூரின் கரிவர்தன் ஓட்டுநராகவும் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். 1980களின் இறுதியில், மாருதி 800 வண்டியின் சிறிய இயந்திரத்தைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி எனப்பட்ட அவ்வண்டியில்தான் நாராயண் கார்த்திகேயன் உள்ளிட்ட இளைஞர் பலர் பந்தயம் பழகினர். 1995இல் சிறு வானூர்தி விபத்தில் கரிவர்தன் உயிரிழந்தார். கோவைக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கைவினையில் எவ்வளவு படமாகவும் குறிப்பாகவும் எஞ்சியதோ, அவ்வளவையே பின்வந்தோர் கற்க முடியும்.

பழைய வண்டிக்கு மறுபிறப்பு

பழைய வண்டியைப் புதுப்பிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. முதலில் வண்டியை இருந்தவாறே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் பிடிக்க வேண்டும். பின்னரே பாகங்களைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஒவ்வொரு மரையாணியையும் தனித்தனிப் பையிலிட்டு, எந்த இடத்துக்கு உரியது என எழுதி ஒட்ட வேண்டும். இதனைச் செய்யாதவர், ஆறு திங்கள் கழித்து மேசையில் குவிந்த ஆணிகளைக் கண்டு திகைப்பர்.

இயந்திரத்தின் நலத்தை அறிய, உருளையினுள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளப்பர். அழுத்தம் குறைந்தால் வளையமோ அடைப்பிதழோ தேய்ந்திருக்கலாம். உருளைக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால் காரணம் புலப்படும். அழுத்தம் உயர்ந்தால் வளையம் தேய்ந்துள்ளது எனக் கொள்வர். உயராவிடில் அடைப்பிதழை ஐயுறுவர். மருத்துவர் நாடி பார்ப்பதை ஒத்தது இச்சோதனை.

பழைய வண்டியை நிறுத்துவதும் தனிக் கலை. அவற்றுள் பலவற்றில் உருளைத் தடை என்னும் அமைப்பே இருந்தது. சுழலும் உருளையின் உட்புறத்தை வளைந்த கட்டைகள் அழுத்துவதால் சக்கரம் நிற்கும். அடிக்கடி அழுத்தினால் உள்ளே வெப்பம் தேங்கும்; உராய்வு குறையும்; தடையின் பிடி தளரும். திறந்த காற்றில் சுழலும் வட்டுத் தடைக்கு இத்தொல்லை குறைவு. எனவே பழைய வண்டியை ஓட்டுபவர், வளைவு வருவதற்கு நெடுந்தொலைவு முன்னரே வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும்.

பழைய வண்டிகளுக்கென இந்திய அரசு 2021ஆம் ஆண்டு விதிகளை வகுத்தது. முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகளுக்கு மேலானதும் பெரிதும் மாற்றப்படாததுமான வண்டி, தொன்மை வண்டியாகப் பதிவு பெறலாம். அதன் எண்பலகையில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அதனைக் காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, தொன்மை வண்டிப் பேரணி, பழுதுபார்ப்பு முதலியவற்றுக்காகச் சாலைக்குக் கொண்டுவரலாம். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்துதல் ஆகாது.

துணிவும் அறிவும்

பந்தயம் என்றதும் வேகமே நினைவுக்கு வரும். வேகத்தினும் முதன்மையானது பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடந்த பந்தயம் இதற்குச் சான்று. ஒரு நிறுவனத்தின் உருளிப்பட்டைகள் அத்தடத்தைத் தாங்கா எனப் பயிற்சியின்போதே தெரியவந்தது. பந்தயம் தொடங்கும் நேரத்தில், 20 வண்டிகளுள் 14 வண்டிகள் விலகிக்கொண்டன. எஞ்சிய 6 வண்டிகளே ஓடின. அவற்றுள் ஒன்றை ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் நான்காம் இடம் பெற்று, ஃபார்முலா ஒன்னில் புள்ளி ஈட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்நாளில் விலகிய அணிகளைக் காண வந்தோர் சினந்தனர். எனினும் உயிரைப் பணயம் வைக்க அவ்வணிகள் உடன்படவில்லை.

தலைக்கவசம், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார், வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு, தீயணைப்பான் ஆகியவை இன்றிப் பந்தயத் தடத்தில் இறங்குதல் தகாது. தெருவில் பந்தயம் ஓட்டுதல் குற்றமாகும். அதனைப் படமெடுத்துப் பகிர்வது பிறரையும் அவ்வழியில் தூண்டும்.

திரை செய்யும் பணி

குட்வுட்டில் 1998ஆம் ஆண்டு முதல் நடைபெறும் மறுமலர்ச்சிப் பந்தய விழாவில், 1966ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வகை வண்டிகள் மீண்டும் ஓடுகின்றன. இணையத்தின் வழியாக, கடல்கடந்து வாழ்வோரும் அவற்றைக் காண முடிகிறது. ஆனால் பந்தய நாளின் பேரொலியை மட்டும் காட்டும் படத்தைவிட, அதற்கு முந்தைய பல திங்கள் உழைப்பைக் காட்டும் குடும்பக் காணொளியே கற்போர்க்கு மிகவும் பயன்படும். துருப்பிடித்த ஆணி உடைவது, புதிதாகக் கடைந்த பாகம் பொருந்தாமற்போவது, முதல்முறை முடுக்கும்போது இயந்திரம் உயிர்பெறாதிருப்பது ஆகிய இடங்களை வெட்டி நீக்கிவிட்டால் படம் அழகாக இருக்கும், பாடம் போய்விடும். எங்கே தவறு நேர்ந்தது, அதனை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதைக் காட்டுவதே நேர்மையான பதிவு.

பகிர்வதால் வேறொரு நன்மையும் உண்டு. ஒரு குடும்பம் தேடும் பாகம் மற்றொரு நகரத்துப் பட்டறையில் தூசி படிந்து கிடக்கலாம். படத்தைக் காணும் ஒருவர் அதனைத் தெரிவிக்கக்கூடும். முதியவர் ஒருவர் பகலெல்லாம் பேசும் நுட்பத்தை, அயல்நாட்டில் பிறந்த அவருடைய பேரன் இரவில் கேட்கலாம். ஓர் இயந்திரத்தின் ஓசையை எழுத்தால் முழுமையாக உணர்த்த இயலாது, ஒலிப்பதிவால் இயலும்.

தங்கவயலின் கைகள்

தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் இங்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்துக்கு மனிதரை இறக்கி ஏற்றிய பாரந்தூக்கிப் பொறிகளையும், காற்றழுத்தத் துளைப்பான்களையும், நீரிறைக்கும் எந்திரங்களையும் காத்தவர்கள் இவ்வூர்க் கம்மியர்கள். 1964இல் தொடங்கப்பெற்ற பெமல் நிறுவனம் மண்வாரிப் பொறிகளைச் செய்து, அத்திறனுக்கு மேலும் ஒரு களம் தந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பொற்சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று நாற்பது வயதில் பணியிழந்த ஒருவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். பொறியின் ஓசையைக் கேட்டே பழுதறிந்த அவருடைய அறிவு எந்நூலிலும் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறையும். பந்தயக் குடும்பங்கள் பழைய வண்டிக்குச் செய்வதைத் தங்கவயல் குடும்பங்கள் தம் முதியோரின் தொழிலறிவுக்குச் செய்யலாம். அதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டா. வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு சுரங்க விளக்கும், அதன் கதையைச் சொல்லும் தாத்தாவும், கைப்பேசியும் போதும். அவர் பயன்படுத்தும் பட்டறைச் சொற்களை மாற்றாமல் அவ்வாறே பதிவுசெய்தல் நன்று. கன்னடமும் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் தங்கவயல் தமிழும் காக்கத்தக்க செல்வமே.

காணொளி எடுக்கும்போது

1. படம் எடுக்கும் முன் அதில் இடம்பெறுவோரின் ஒப்புதலையும், பகிரும் முன் பெற்றோரின் இசைவையும் பெறுக.
2. வீட்டு முகவரி, தொலைபேசி எண், வண்டியின் எண்பலகை ஆகியவற்றை மறைத்திடுக.
3. பேசுபவரின் அருகில் கைப்பேசியை வைத்து, ஓசை குறைந்த இடத்தில் பதிவுசெய்க.
4. மூடப்பட்ட சுரங்கப் பகுதிகளுக்குள் ஒருபோதும் நுழையற்க.

சொல்லும் பொருளும்

கம்மியர் – இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர், மெக்கானிக்
உருளை – இயந்திரத்தில் எரிபொருள் எரியும் குழல், சிலிண்டர்
அடைப்பிதழ் – காற்றை உள்விட்டு வெளிவிடும் பாகம், வால்வு
உருளைத் தடை – டிரம் பிரேக்
வட்டுத் தடை – டிஸ்க் பிரேக்
உருளிப்பட்டை – டயர்
திங்கள் – மாதம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. பொற்சுரங்கம் 2. பேரொலி 3. பழுதறிந்த

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. சோழவரம் பந்தயக் களமானது எவ்வாறு?
2. உருளைக்குள் எண்ணெய் விட்டு அளப்பதால் அறியப்படுவது யாது?
3. தொன்மை வண்டியை எவ்வெவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம்?

இ. விரிவாக விடையளிக்க.
'வெட்டி நீக்கிவிட்டால் படம் அழகாக இருக்கும், பாடம் போய்விடும்.' இத்தொடரின் கருத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்து முதியவர் ஒருவரிடம், அவர் பணியில் கையாண்ட ஒரு கருவியைப் பற்றிக் கேட்டறிக. அதன் பெயர், பயன், பழுதுபார்க்கும் முறை ஆகியவற்றை ஐந்து மணித்துளிக் காணொளியாகப் பதிவுசெய்து, அதற்கு உரிய அறிமுகத்தைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.