கேம் வெளிவரும் முன் ரசிகரிடம் எவ்வளவு சொல்வது?

சிறிய கேம் ஸ்டுடியோ ஒன்றில் ரசிகர்களிடம் பேசும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? முதல் வாரமே இந்தக் கேள்வி எழும்: உருவாகும்போதே கேமை எல்லோருக்கும் திறந்துவிடுவதா, முடியும்வரை மூடி வைப்பதா? இரண்டு வழியிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். கேமை மூடி வைத்துக்கொண்டு வாயை மட்டும் திறந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

'நோ மேன்ஸ் ஸ்கை' கேமை இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2013 டிசம்பரில் அறிவித்தது. பொதுமக்கள் கையில் விளையாட எதுவும் இல்லை. டிரெய்லர்களும் நிறுவனர் ஷான் மர்ரியின் பேட்டிகளும்தான் வந்துகொண்டிருந்தன. இன்னொரு ஆட்டக்காரரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டபோது, அரிது, ஆனால் முடியும் என்கிற விதமாகப் பதில் சொன்னார். 2016 ஆகஸ்டில் கேம் வெளிவந்தது. உடனே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். முழுமையான மல்டிபிளேயர் 2018 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை பேச்சைக் குறைத்து வேலையில் மூழ்கிய அந்தக் குழுவை நான் உண்மையிலேயே மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருட வலி தேவையே இல்லாதது.

ஆகவே, இன்று உங்கள் ஸ்டுடியோ கணினியில் ஓடாத எதைப் பற்றியும் வெளியே பேசாதீர்கள். "யோசனையில் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னாலும் ரசிகர் காதில் "வரும்" என்றுதான் விழும்.

திறந்து வைப்பதென்றால், கேமின் வகையைப் பாருங்கள். சூப்பர்ஜயன்ட் நிறுவனம் 'ஹேடிஸ்' கேமை 2018 டிசம்பரிலேயே ஏர்லி ஆக்சஸில், அதாவது முடியாத நிலையிலேயே, விற்கத் தொடங்கி, 2020 செப்டம்பரில் முடித்தது. செத்துச் செத்துத் திரும்ப ஆரம்பிக்கும் ஆட்டம் என்பதால், பாதியில் நுழைந்தவருக்கும் அலுக்கவில்லை. அடுத்த பெரிய அப்டேட் எப்போது என்பதையும் கேமுக்குள்ளேயே காட்டினார்கள். கதைதான் உயிர் என்றால் லாரியன் ஸ்டுடியோ செய்ததைப் பின்பற்றலாம். அவர்களின் 'பால்டர்ஸ் கேட் 3' ஏர்லி ஆக்சஸில் ஏறக்குறைய மூன்று வருடம் இருந்தது. அதில் திறந்திருந்தது முதல் அங்கம் மட்டும்தான்.

மூடி வைப்பதென்றால் முழுதாக மூடுங்கள். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2019 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டு அன்றே வெளிவந்தது. பெரிய நிறுவனம் பின்னால் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. பெயர் தெரியாத சிறு ஸ்டுடியோவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் சில மாதம் முன்பாவது ஒரு டெமோ கொடுத்துவிடுங்கள்.

டெமோவோ டிரெய்லரோ, எந்தக் கருவியில் ஓட்டிக் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'சைபர்பங்க் 2077' விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. 2020 டிசம்பர் 10 அன்று பழைய பிஎஸ்4-இல் வாங்கியவர்கள் கண்டது தடுமாறி நின்ற கேமை. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. நீங்கள் விற்கப்போகும் கருவிகளில் மிகப் பலவீனமானது எதுவோ, அதில் எடுத்த காட்சியையும் வெளியீட்டுக்கு முன்பே காட்டிவிடுங்கள். காட்டக் கூச்சமாக இருந்தால் அந்தக் கருவிக்கான வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.