வாங்குபவர் வீட்டு அடுப்படியைப் படிப்போம்



புதுச் சரக்கு எடுக்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? கமிஷன் எவ்வளவு, கடன் எத்தனை நாள், பெட்டிக்கு எத்தனை பாக்கெட் இலவசம் என்றுதான் பார்க்கிறோம். சமைப்பவருக்கு இதனால் எந்த வேலை குறையும் என்று கேட்பதில்லை. அதைக் கேட்காமல் நாங்கள் பட்ட நஷ்டமே இந்தப் பாடத்தின் தொடக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் குழம்பு மசாலா அரைக் கிலோ பாக்கெட்டில் 40 பெட்டி எடுத்தோம். ஆரணியில் நெசவாளர் வீடுகள் அதிகம். கணவர் தறியில் இருந்தால் மனைவி தார் சுற்றுவார். சமைக்க நேரம் இருக்காது, ஆகவே சரக்கு ஓடும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பாதிக்கு மேல் தேதி முடிந்து வீணாயிற்று.

அதன் பிறகுதான் எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து விசாரித்தோம். ஓர் அம்மா சொன்னார்: "புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி வரும் ஐயா. அரைக் கிலோவுக்கு மொத்தமாகப் பணம் எப்படிக் கொடுப்பது? மழைக்காலத்தில் கட்டியும் பிடித்துவிடும்." இன்னொருவர், "குழம்புத்தூள் எங்கள் வீட்டுப் பக்குவத்தில்தான் இருக்க வேண்டும். சாமான்களை நிறுத்து வாங்கி, சுத்தம் செய்து, காய வைப்பதற்குத்தான் நேரம் இல்லை" என்றார்.

எங்கள் தவறு அப்போது விளங்கியது. நேரம் இல்லை என்று நினைத்தது சரி. எந்த வேலைக்கு நேரம் இல்லை என்பதைத்தான் கேட்கவில்லை. பிறகு மிளகாய், தனியா, மிளகு, வெந்தயம், கடலைப் பருப்பு, விரலி மஞ்சள் ஆகியவற்றைச் சுத்தம் செய்து, ஒரு முறை மில்லில் அரைக்கும் அளவுக்குத் தனித்தனியே நிறுத்து, ஒரே பையில் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தோம். அவரவர் பக்குவப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அது இன்றும் ஓடுகிறது.

கோயம்புத்தூரில் 1955-ல் சபாபதி என்பவர் உருவாக்கிய வெட் கிரைண்டரும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆட்டுக்கல்லில் கை வலித்தது. ருசியில் குறை இல்லை. ஆகவே கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது; கல் அப்படியே இருந்தது. சலிப்பைக் குறைக்க வேண்டும். பெருமைப்படும் வேலையை அவரிடமே விட வேண்டும்.

மளிகைக் கடையிலிருந்தே பிறந்த தொழிலும் உண்டு. பெங்களூரில் முஸ்தபா என்பவரின் உறவினர்கள் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு விற்ற இட்லி மாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். அதைக் காதில் வாங்கி, 2005-ல் 50 சதுர அடி இடத்தில் மாவு தயாரிக்கத் தொடங்கினார்கள். முதலில் 20 கடைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதுதான் இன்றைய ஐடி மாவு நிறுவனம். அந்தக் குறைகளை நாமும்தான் கேட்டிருப்போம். குறித்து வைத்தோமா?

இனி, நம் கடையில் செய்ய வேண்டியவை:

1. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். "இல்லை" என்று சொல்லி அனுப்பிய பொருள், வாடிக்கையாளர் சொன்ன குறை, இரண்டையும் அன்றன்றே எழுதுங்கள்.

2. "இந்தப் பொருள் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு "நன்றாயிருக்கும்" என்பார்கள். "நேற்று என்ன சமைத்தீர்கள், எதில் அதிக நேரம் போயிற்று?" என்று கேளுங்கள்.

3. சீட்டு கொண்டு வரும் பிள்ளையிடம் அல்ல, சமைப்பவரிடம் கேளுங்கள்.

4. கூலி எப்போது கைக்கு வருகிறது என்பதை அறிந்து பாக்கெட் அளவை முடிவு செய்யுங்கள்.

5. புதுப் பொருளை முதலில் 10 பாக்கெட் மட்டும் வையுங்கள். முதல் தடவை வாங்குவது ஆசையில். இரண்டாம் தடவை யார் வருகிறார் என்பதே கணக்கு.

6. சமையல் பாரமாக இருக்கும் நாளும் உண்டு, சந்தோஷமாக இருக்கும் நாளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அரிசி, பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் ஒரே இடத்தில் அளவாகக் கிடைத்தால் அந்தச் சந்தோஷம் கூடும். நீங்களே கட்டி விற்பதானால் உணவுப் பாதுகாப்பு உரிமம், எடை, கட்டிய தேதி ஆகியவற்றில் தவறக் கூடாது.

பெரிய கடைகளும், போனில் ஆர்டர் எடுப்பவர்களும் நம் வியாபாரத்தைப் பங்கு போடுகிறார்கள். அவர்கள் விலைக்கு நாம் போட்டி போட முடியாது. எது விற்றது என்று அவர்கள் கம்ப்யூட்டர் சொல்லும். ஓர் அம்மா பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டுத் திரும்ப வைத்த காரணத்தை நாம்தான் நேரில் கேட்க முடியும். அதைக் கேட்போம், குறித்து வைப்போம், அதன்படி கொள்முதல் செய்வோம்.