ஆங்கில வாதக் கட்டுரையில் இணைப்புச் சொற்களைக் கையாளும் முறை

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறும் பொருட்டு ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஆயத்தமாகிற இளைஞர்கள் திருவான்மியூரிலும் அடையாற்றிலும் இன்று ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுள் பலர் ‘மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவெவர், நெவர்தலெஸ்’ என்று நீளும் ஒரு ஜாபிதாவை மனனம் செய்துகொண்டு, வாக்கியத்துக்கு ஒன்றாக அவற்றைத் தலையில் நிறுத்திவிட்டால் கட்டுரைக்குத் தொடர்ச்சி தானே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அவர்களுக்குத் தீங்கு செய்கிறது. அத்தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டாவது வினாவாக வருவது, 40 நிமிஷத்துக்குள் குறைந்தது 250 சொற்களில் எழுத வேண்டிய கட்டுரை. அதை மதிப்பிடுவதற்கென வகுத்துள்ள 4 அளவுகோல்களில், மற்றவற்றோடு சமமான எடையுடைய ஒன்று, கருத்தின் ஒழுங்கையும் வாக்கியங்களின் இணைப்பையும் பற்றியது. அதற்காக வெளியிடப்பட்டிருக்கும் விவரணத்தைப் பொறுமையாகப் படிப்பவர்கள், இணைப்புகளை இயந்திரம்போல் பிரயோகிப்பது நடுத்தரப் படியின் லக்ஷணமாகவும், இணைப்பு இருப்பதே பெரும்பாலும் கண்ணில் படாதபடி எழுதுவது உச்சப் படியின் லக்ஷணமாகவும் சொல்லப்பட்டிருப்பதைக் காண்பார்கள்.

இணைப்புச் சொல் கதவின் கீல் போன்றது. இரண்டு பகுதிகளைச் சேர்ப்பதோடு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் அதுவே நிச்சயிக்கிறது. ஆகையால், இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள சம்பந்தம் இன்னதென்று எழுதுகிறவனுக்குத் தெளிவாகாத வரையில், எந்தச் சொல்லையும் தேடப் புகலாகாது.

இதை ஒரு மெய்யான விவகாரத்தை வைத்துப் பார்ப்போம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மெரினா கலங்கரை விளக்கத்தின் அருகிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டும்படி, கடலோரமாக ஓர் உயர்மட்டச் சாலை அமைக்கும் யோசனை எழுந்ததும், மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்களும் கரையோரக் குடியிருப்பாளர்களும் அதை ஆட்சேபித்ததும் இப்பகுதியினர் பலருக்கு நினைவிருக்கும். ‘கடலோரச் சாலை வேண்டுமா?’ என்பதே நம் கட்டுரைக்குப் பொருளாக இருக்கட்டும்.

முதற்படியாக, ஓர் இணைப்புச் சொல்லும் இல்லாமல், கருத்துக்களை மட்டும் சிறு சிறு வாக்கியங்களாக, தமிழிலேயே ஆனாலும் குற்றமில்லை, எழுதிக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் மிகுதி. புதிய சாலை வந்தால் மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் இடையே பிரயாண நேரம் குறையலாம். மணற்பரப்பு, மீனவர்கள் படகு நிறுத்தி வலை உலர்த்தும் தொழிற்களம். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. சாலை விளக்குகள் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். 2004 முதல் பறக்கும் ரயில் மயிலையிலிருந்து திருவான்மியூர் வரை ஓடுகிறது. சாலை வேண்டாம். இந்த எட்டு வாக்கியங்களும் கையில் வந்த பின்பே அடுத்த வேலை.

இரண்டாவது படி, அடுத்தடுத்து நிற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில், அதன் சம்பந்தத்தை ஓரிரு சொற்களில் குறித்து வைப்பது. நம் முன்னோர் தர்க்கத்தில் பிரதிக்ஞை, ஹேது, திருஷ்டாந்தம் என்று வாதத்தின் அவயவங்களைப் பிரித்ததும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று வகுத்துப் பிறர் கொள்கையை முதலில் எடுத்துக் கூறி மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவியதும், வாதத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வுறவில் நிற்கின்றன என்று அறிவதன் அவசியத்தை உணர்ந்ததால்தான். நம்முடைய உதாரணத்தில், நெரிசலைப் பற்றிய வாக்கியமும் பிரயாண நேரத்தைப் பற்றிய வாக்கியமும் எதிர்க்கட்சியின் வாதம். மீனவர்களைப் பற்றியது அதற்கு ஆட்சேபம். ஆமைகளைப் பற்றியது ஆட்சேபத்துக்குக் கூட்டிச் சேர்த்த வலு. குஞ்சுகளின் இயல்பு காரணம், விளக்குகளின் விளைவு காரியம். ரயிலைப் பற்றியது எதிர்க்கட்சியின் தேவைக்கே வேறு வழி உண்டு என்று காட்டும் சமாதானம். ஏதேனும் ஒரு ஜோடிக்குப் பெயர் சொல்ல முடியவில்லையானால், அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து நிற்க வேண்டியவை அல்ல. ஒன்றை இடம் மாற்ற வேண்டும், அல்லது நடுவில் விடுபட்ட கருத்தை எழுத வேண்டும்.

அதன்பின் சொல்லைத் தெரிந்தெடுப்பது எளிது. கூட்டிச் சேர்க்கும் இடத்தில் ‘மோர்ஓவர்’ வரலாம். ஆனால் பின்வருவது முன்னதே நிறுவுகிற அதே முடிவுக்கு மேலும் வலுவூட்டினால் மட்டுமே அது பொருந்தும். வெறும் வரிசையைக் காட்டுவதற்கு ‘ஃபர்ஸ்ட்லி’, ‘செகண்ட்லி’ போதும். காரிய காரணத்துக்கு ‘தேர்ஃபோர்’, ‘ஆஸ் எ ரிசல்ட்’ உண்டு. அவற்றுள் ‘தேர்ஃபோர்’ என்பது, முன் சொன்னதிலிருந்து பின் சொன்னது நியாயமாகப் பெறப்படுகிறது என்று உறுதி கூறுவதால், ஆமை முட்டையிடுகிறது, தேர்ஃபோர் சாலை வேண்டாம் என்று ஒரே தாவாகத் தாவுவோரின் வாதம் அந்த இடத்திலேயே முறிந்துபோகிறது. குஞ்சுகளின் இயல்பும் விளக்குகளின் விளைவும் இடையில் வந்தால்தான் அச்சொல்லுக்கு அங்கே உரிமை.

எதிர்மறைச் சொற்களில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். அங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்பது ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களை எதிரெதிரே வைப்பது; இரண்டும் மெய்யாக இருக்கலாம். சாலை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆன் தி அதர் ஹேண்ட், மீனவர்களின் களத்தைப் பறிக்கும். ‘ஆன் தி கான்ட்ரரி’ என்பதோ முன் சொல்லப்பட்டதை மறுத்து, அதன் நேர்மாறே உண்மை என்று நிலைநாட்டுவது. மணற்பரப்பு பயனற்ற நிலமன்று. ஆன் தி கான்ட்ரரி, அது குப்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரம். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பதிலாக இடுபவர், தாம் ஒப்புக்கொண்ட கூற்றையே தம்மை அறியாமல் பொய்யென்று சாதித்தவராகிறார்.

ஒப்புக்கொண்டு மறுக்கும் ‘ஆல்தோ’ வாதக் கட்டுரைக்கு மிகச் சிறந்த துணை. அதிலே ஒரு நுட்பம் உண்டு. ‘ஆல்தோ’வைத் தாங்கிய பகுதி விட்டுக்கொடுத்த பகுதி, அதைப் பின்தொடரும் பிரதான வாக்கியமே எழுதுபவரின் கட்சி. நேரம் மிச்சமாகும் என்பதை ‘ஆல்தோ’வில் அடக்கி, களம் பறிபோகும் என்பதைப் பிரதானமாக வைத்தால் சாலையை எதிர்க்கிறீர்கள், அவற்றை மாற்றி வைத்தால், அதே இரண்டு உண்மைகளைக் கொண்டு சாலையை ஆதரிக்கிறீர்கள். இதை அறியாமல் இடம் மாற்றி எழுதிவிட்டு, முடிவுரையில் வேறு கட்சியைச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது, நல்ல சிந்தனையொன்று வீணாயிற்றே என்று மனம் வருந்துகிறது.

மூன்றாவது படியில் இலக்கணத்தைச் சரிபார்க்க வேண்டும். ‘நெரிசல் இருந்தாலும்’, ‘நெரிசல் இருப்பதால்’ என்று தமிழில் இணைப்பு முதற்பகுதியின் கடைசியில் விகுதியாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அது பகுதியின் தலையில் தனிச்சொல்லாக நிற்கும். இந்த வேற்றுமையினால், ‘ஆல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ என்பதையும், ‘பிகாஸ்’ என்று தொடங்கியதன் நடுவில் ‘சோ’ என்பதையும் சேர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். ‘பிகாஸ்’ என்று தொடங்கும் காரணப் பகுதியை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைப்பதும் பிழை. ‘ஆல்தோ’வுக்குப் பின் எழுவாயும் வினையும் கொண்ட முழுப் பகுதி வர வேண்டும், ‘டெஸ்பைட்’டுக்குப் பின் பெயர்த்தொடர் வர வேண்டும், ‘ஆஃப்’ என்பது ‘இன் ஸ்பைட்’டோடு வருமேயன்றி ‘டெஸ்பைட்’டோடு வராது.

‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் ‘பட்’டைப் போல இரு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் கோக்கும் வல்லமை உடையவை அல்ல. அவற்றுக்கு முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இருக்க வேண்டும். பின்னே காற்புள்ளி வருவது மரபு. ‘ஹவெவர்’ எப்போதும் தலையிலேயே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. எழுவாய்க்குப் பின், இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் அமர்ந்தால், வாக்கியம் நிதானமாக நடக்கும். எதிர்மறையும் இதமாகத் தொனிக்கும்.

நான்காவது படி களைவது. அநேகர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஒரு பத்தியில் நான்கு வாக்கியம் இருந்து நான்கும் இணைப்புச் சொல்லில் தொடங்கினால், அவற்றுள் இரண்டையாவது அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் கெடவில்லையானால் அவை அங்கே அவசியமற்றவை. காலியான இடத்தைப் பெரும்பாலும் சுட்டுச் சொற்களே நிரப்பிவிடும்: முந்தின வாக்கியத்தில் சாலையைப் பற்றிச் சொல்லியிருந்தால், அடுத்ததை ‘சச் எ ரோட்’ என்று தொடங்கலாம், விளக்குகளின் தீமையைச் சொல்லியிருந்தால் ‘திஸ் டேஞ்சர்’ என்று தொடங்கலாம். ‘திஸ்’ என்பதைத் தனியே நிறுத்தாமல், எதைச் சுட்டுகிறதென்று ஒரு பெயரைப் பக்கத்தில் வைப்பது நலம். ‘லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்’ போன்ற தேய்ந்த தொடர்களுக்குக் கட்டுரையில் இடமே கொடுக்க வேண்டாம். ‘பட்’ என்ற சிறிய சொல்லை மட்டும், அது எளியது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; கடும் எதிர்ப்பைச் சுருக்கமாகச் சொல்ல அதைவிடத் தக்கது ஆங்கிலத்தில் இல்லையென்பதே என் அபிப்பிராயம்.

முடிவுரையில் ‘இன் கன்க்ளூஷன்’ என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பின் தீர்ப்பு வர வேண்டும். ரயில் இருக்கிறது, அதை மேலும் செம்மைப்படுத்தினால் நெரிசல் தணியும், ஆதலால் மீனவர்களின் களத்தையும் ஆமைகளின் கரையையும் விலையாகக் கொடுக்க நியாயமில்லை என்று, வாதத்தின் விளைவை அங்கே தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். 40 நிமிஷத்தில் கடைசி ஐந்து நிமிஷத்தை இந்தப் படிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பியாசத்துக்கு, 1878ஆம் ஆண்டு முதல் இந்நகரிலிருந்து வெளிவரும் ‘தி ஹிந்து’ பத்திரிகையின் தலையங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள இணைப்புச் சொற்களை மட்டும் ஒரு நண்பரைக் கொண்டு மையால் மறைத்து, எந்தெந்த இடத்தில் எந்தச் சம்பந்தம் இருக்கிறதென்று முதலில் தமிழில் குறித்து, பிறகு ஆங்கிலச் சொல்லை நிரப்பி, மறைக்கப்படாத பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் இட்ட சொல்லும் ஆசிரியர் இட்ட சொல்லும் மாறுபடும் இடங்களில், அவர் கண்ட சம்பந்தம் எது, நீங்கள் கண்டது எது என்று ஆராய்ந்து, அந்த வாக்கியங்களை மாத்திரம் தனியே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.