கடல் கடந்து கற்பித்தல்

"ஆசிரியத் தொழில் என்றால் ஊர்ப் பாடசாலையோடு முடிந்துவிடுமா? வெளிநாட்டிலும் அதைச் செய்யலாமா?" விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் உயர்தர மாணவிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெற்றோர் கேட்பது வேறு: "பிள்ளையைப் படிப்பித்துவிட்டோம், கலியாணமாகி வெளிநாடு போனால் அந்தப் படிப்பு என்னாவது?" இம்மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது இவ்விரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே எழுத எண்ணினேன். நான் பதினொரு ஆண்டுகளாக ஐக்கிய அரபு இராச்சியத்தில் கணிதம் கற்பித்து வருகிறேன். ஆகவே இங்கு சொல்வது பெரும்பாலும் அந்நாட்டைப் பற்றியதே.

நம் பிள்ளைகளில் அநேகர் வெளிநாடு செல்வது தொழில் ஒப்பந்தத்தோடு அல்ல, கணவரின் விசாவோடுதான். பட்டச் சான்றிதழ் பெட்டியின் அடியிலும், பட்டதாரி அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியிலுமாக ஆண்டுகள் கழியும். கணவரின் விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அப்படி இல்லை. வேலை தரும் நிறுவனம் தொழில் அனுமதி பெற்றுக்கொடுத்தால், கணவரின் விசாவில் இருந்தபடியே ஒரு பெண் பணிபுரியலாம். நான் தொடங்கியதும் அவ்வாறுதான், அதுவும் உதவி ஆசிரியையாக. ஒரு வருடம் பிறருடைய வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, கணக்கு விளங்காத பிள்ளைகளுக்கு மெல்லச் சொல்லிக்கொடுப்பதே வேலை. சம்பளம் குறைவு. ஆனால் ஆங்கில மொழிமூல வகுப்பறை எப்படி நடக்கிறது என்பதை எந்தப் பயிற்சி நெறியும் அவ்வளவு நன்றாகக் காட்டித் தந்திராது.

அங்கு ஒரே நகரத்தில் பிரித்தானிய, இந்திய, அமெரிக்கப் பாடத்திட்டங்களைப் பின்பற்றும் பாடசாலைகள் அருகருகே இருக்கின்றன. சர்வதேச பக்கலோரியா பாடசாலைகளும் உண்டு. உங்கள் தகைமை எந்தப் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறது என்று பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் ஒன்று அடிப்படைத் தேவை. அதன்மேல் கற்பித்தல் தகைமை கேட்பார்கள். நம் நாட்டின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்துவிட்டுச் செல்பவருக்குப் பாதி வழி திறந்துவிடும். அங்கிருந்தபடி தொலைக்கல்வி மூலம் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் சர்வதேச பி.ஜி.சி.ஈ. நெறியையும் படிக்கலாம், நான் அதைத்தான் படித்தேன். ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்: அந்நெறி மட்டும் இங்கிலாந்தின் 'தகைமை பெற்ற ஆசிரியர்' என்ற அந்தஸ்தைத் தராது. இரண்டும் ஒன்றே என்று விளம்பரத்தில் நினைக்க வைப்பார்கள். பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்கு செல்டா என்ற கேம்பிரிட்ஜ் நெறி உண்டு. குறைந்தது 120 மணித்தியாலங்கள் கொண்ட அந்நெறியில் ஆறு மணித்தியாலங்கள் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து ஆவணங்கள். இதில் நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: பெயர். பாத்திமா, முஹம்மது ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! முஹம்மதுவில் ஓர் 'எம்' நடுவில் வருமா இரண்டு வருமா, முதலெழுத்தின் பின் 'ஓ'வா 'யு'வா? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்துகள் மட்டும், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. ஊரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வெளிநாட்டு அலுவலகத்தின் கணினிக்கோ அவர்கள் நான்கு வெவ்வேறு ஆட்கள். என்னோடு பணிபுரிந்த ஒரு சகோதரி, தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் நான்கு மாதம் காத்திருந்தார். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஆகவே பரீட்சை விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதும் நாளில் பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெற்றோரும் அப்போதே ஒரு தரம் பார்த்துவிட்டால் பின்னர் கொழும்புக்கு அலையும் செலவு மிஞ்சும்.

சான்றிதழ் சரியாக இருந்தாலும் அது தனியே கடல் தாண்டாது. பல்கலைக்கழகமும் உரிய கல்வி அதிகாரிகளும் உறுதிப்படுத்திய பின், நமது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்த வேண்டும். பிறகு அந்நாட்டின் தூதரகம், இறுதியாக அந்நாட்டின் வெளிநாட்டு அமைச்சு. அதோடு பொலிஸ் நற்சான்றிதழும் வேண்டும். இவற்றை விமானம் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. அங்கிருந்துகொண்டு வாப்பாவையோ தம்பியையோ வரிசையில் நிற்க வைப்பது இரட்டிப்புச் சிரமம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நான் தமிழ் மொழிமூலம் கற்றவள். 'ஒருங்கமை சமன்பாடு', 'பரவளைவு', 'ஒழுக்கு' என்றே கணிதம் என் தலைக்குள் ஏறியது. தாய்மொழியில் விளங்கிய கணிதம் ஆங்கிலத்தில் சொல்லும்போது குறைந்துவிடுவதில்லை. மாற வேண்டியது பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களின் உச்சரிப்பில் கவனம் வேண்டும். 'பரபோலா' என்று நாம் சமமாக உச்சரிக்கும் சொல்லில் ஆங்கிலேயர் இரண்டாவது அசையை அழுத்துவார்கள். 'ஹைப்பொட்டனியூஸ்' என்பதும் அப்படியே. நான் ஒரு சிறிய கொப்பியில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன் இருபது சொற்களை எழுதி, அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். மனக்கணக்கை மட்டும் இன்றும் தமிழில்தான் போடுகிறேன்.

பரீட்சை முறையையும் படிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் கணித விடைத்தாளுக்குரிய புள்ளித் திட்டத்தில் 'எம்' என்பது முறைக்கான புள்ளி, 'ஏ' என்பது சரியான விடைக்கான புள்ளி, 'பி' என்பது முறையைச் சாராத தனிப்புள்ளி. இவற்றோடு 'எப்.ரி.' என்றொரு குறியும் உண்டு. ஒரு பிள்ளை முதற்படியில் பிழைவிட்டு, அந்தப் பிழையான எண்ணைக் கொண்டே அடுத்த படிகளைச் சரியாகச் செய்திருந்தால், அக்குறி உள்ள இடங்களில் அந்தப் படிகளுக்குரிய புள்ளியைக் கொடுக்கலாம். நமது க.பொ.த. திருத்தத்திலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதால் இது நமக்கு அந்நியமல்ல. ஆனால் இதை அறியாத ஆசிரியை "விடை பிழை" என்று ஒரே கோட்டில் வெட்டிவிடுவார். அறிந்தவரோ பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்று தேடுவார். பழைய வினாத்தாள்களையும் புள்ளித் திட்டங்களையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்தால் நேர்முகப் பரீட்சையில் அதன் பயன் தெரியும்.

பல தேசத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பதால் நாம் நினைத்தும் பார்க்காத சிக்கல்கள் வரும். அரபு மொழிமூலம் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி, 50 என்று வரவேண்டிய இடங்களில் விசித்திரமாக எழுதிக்கொண்டிருந்தாள். அரபு நாடுகளில் வழங்கும் இலக்கங்களில் ஐந்து வட்டமாகவும் பூச்சியம் புள்ளியாகவும் இருக்கும். அவளுக்கு நம்முடைய பூச்சியம் ஐந்தாகத் தெரிந்திருக்கிறது! சில அரபு நாடுகளில் சமன்பாட்டையே வலமிருந்து இடமாக எழுதுவார்கள். குர்ஆன் மத்ரஸாவில் ஆயத்து இலக்கங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அவளுடைய கொப்பி உடனே விளங்கியது. பக்கத்து வகுப்பு ஆங்கிலேய ஆசிரியர் என்னிடம் வந்து விளக்கம் கேட்டுச் சென்றார். நம் ஊர்ப் படிப்பு எங்கே கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

நேர்முகப் பரீட்சையில் பாடக் கேள்விகளைவிடப் பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தந்தால் ஒரு விடயம் சொல்கிறேன் என்றால் என்ன செய்வீர்கள்?" இரகசியம் காப்பதை நல்ல குணமாகவே கற்று வளர்ந்த நாம் "வாக்குக் கொடுப்பேன்" என்று சொல்லிவிடுவோம். அது ஏற்கப்படாது. அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. பொறுமையாகக் கேட்டு, துருவித் துருவிக் கேள்வி கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, அதற்கெனப் பாடசாலையில் நியமிக்கப்பட்டவரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். இதை நம் ஊர்ப் பாடசாலைகளிலும் நடைமுறையாக்கினால் எத்தனையோ பிள்ளைகள் தப்புவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சம்பளத்தில் நீதி எப்போதும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்படுபவருக்கு வீடும் விமானச் சீட்டும் கிடைக்கும். கணவரோடு ஏற்கெனவே அங்கிருப்பவரை "உள்ளூர் நியமனம்" என்று அவையின்றி எடுப்பார்கள். நான் முதலில் பணிபுரிந்த பாடசாலையில், எனக்குக் கீழ் பயிற்சி பெற்ற ஐரோப்பியப் பெண்ணுக்கு என்னைவிடக் கூடிய சம்பளம். முறையிட்டதால் பயன் கிடைக்கவில்லை. தகைமையைக் கூட்டிக்கொண்டு வேறு பாடசாலைக்கு மாறினேன்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. இலங்கையிலிருந்து நேரே வேலைக்குச் செல்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தே செல்ல வேண்டும். முகவர் மூலம் செல்வதானால் அவரிடம் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டப்படி ஆட்சேர்ப்புச் செலவு தொழில் கொடுப்பவரைச் சேர்ந்தது. அதை ஊழியரிடம் அறவிட முடியாது. பரீட்சார்த்த காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. கடவுச்சீட்டைப் பாடசாலையிடம் ஒப்படைத்து வைக்க வேண்டியதுமில்லை.

வெளிநாட்டவருக்கு அங்கே ஓய்வூதியம் இல்லை, சேவை முடிவில் பணிக்கொடை மட்டுமே. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாட் சம்பளம். ஆனால் இது மொத்தச் சம்பளத்தில் அல்ல, அடிப்படைச் சம்பளத்தில் கணிக்கப்படும். மாதம் 8,000 திர்ஹம் தரும் இரண்டு பாடசாலைகளில் ஒன்று அடிப்படைச் சம்பளம் 5,000 என்றும் மற்றது 3,000 என்றும் எழுதினால், ஐந்து ஆண்டு முடிவில் முதலாமவருக்கு 17,500 திர்ஹமும் இரண்டாமவருக்கு 10,500 திர்ஹமும் கிடைக்கும். கையில் வரும் மாதச் சம்பளம் ஒன்றே. ஒப்பந்தத்தின் ஒரு வரி 7,000 திர்ஹம் வித்தியாசம் செய்கிறது. முதலாமவர் ஏழு ஆண்டு பணிபுரிந்தால் எவ்வளவு பெறுவார் என்பதைப் பதினோராம் தர மாணவிகள் தாமே கணித்துப் பார்க்கட்டும். மாதத்தை 30 நாட்களாகக் கொள்க. (விடை: 27,500 திர்ஹம்.)