கண்ணுக்குப் பொருந்தும் பைனாகுலர் எது?
(அறிவியல் மூலை)

நம் பசுமைப் படை சேர்த்து வைத்த பணத்தில் பைனாகுலர் வாங்கப் போகிறோம். ஒன்றுதான் வாங்க முடியும். அம்பத்தூர் ஏரிக்கும், 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கும் போகும்போது அதில் ஆறாம் வகுப்புத் தம்பியும் பார்க்கணும், கண்ணாடி போட்ட அக்காவும் பார்க்கணும். போன முறை இரவல் பைனாகுலரில் பார்த்த பலர், "எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று ஒதுங்கி நின்றார்கள். குறை அவர்கள் கண்ணில் இல்லை. கருவி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சின்னக் குழாயில் எப்படி?

முன்பக்க லென்சு பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும். உள்ளே இருக்கும் முப்பட்டகங்கள் அதை நேராக்கும். ஒளியின் பாதையை மடித்துவிடுவதால் குழாயும் குட்டையாகிறது. இந்த அமைப்புக்கு 1854-ல் காப்புரிமை பெற்றவர் இத்தாலியரான இக்னாசியோ போரோ.

எண்களைப் படிப்போம்

8×25 என்று எழுதியிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 25 என்பது முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும்.

8×21 : 2.6 மி.மீ.
10×25 : 2.5 மி.மீ.
8×25 : 3.1 மி.மீ.
8×42 : 5.25 மி.மீ.

பகல் வெளிச்சத்தில் நம் கண் பாவை சுமார் 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும். ஒளி வட்டம் சின்னதாக இருந்தால் கண்ணை மிகச் சரியாக அதே இடத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் கறுப்பு நிழல் வந்துவிடும். 8×42-ல் பார்ப்பது சுலபம். ஆனால் எடை அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், தம்பிகளுக்குக் கை வலிக்கும். சின்ன வகைகளில் 8×25 நல்லது. 10 மடங்கு என்றால் இன்னும் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். பறவை பத்து மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் பத்து மடங்காகும்!

திருவிழாக் கடையில் "30×60" என்று போட்ட ஒரு பைனாகுலரை ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்பக்க லென்சு 60 மி.மீ. இல்லை, 22 மி.மீ.தான். அட்டையை நம்பாதீங்க, ஸ்கேலை நம்புங்க.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. கண் இடைவெளி: பெரியவர்களுக்கு இரு பாவைகளுக்கும் நடுவே பெரும்பாலும் 55 முதல் 70 மி.மீ. வரை இருக்கும். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. பைனாகுலரை மடக்கி விரித்துப் பாருங்கள். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியணும். வகுப்பிலேயே சின்ன முகம் உள்ளவரைக் கடைக்கு அழைத்துப் போவது நல்லது.

2. கண்ணாடி போட்டவர்கள்: கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். கண் வைக்கும் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டுப் பாருங்கள். லென்சிலிருந்து சுமார் 15 மி.மீ. தள்ளிக் கண் இருந்தாலும் முழுக் காட்சி தெரிகிற கருவியே இவர்களுக்கு ஏற்றது. இல்லாவிட்டால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல் இருக்கும். கண்ணாடி இல்லாதவர்கள் விளிம்பை நிமிர்த்திக்கொள்ளலாம்.

3. நடுச் சக்கரம்: சின்ன விரலாலும் சுலபமாகத் திருப்ப முடியணும்.

4. ஐந்து நிமிடச் சோதனை: தூரத்துப் பெயர்ப் பலகையை ஐந்து நிமிடம் பாருங்கள். கண் இழுத்தாலோ, எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ வேண்டாம். உள்ளே முப்பட்டகம் சரியாக அமையவில்லை என்று அர்த்தம்.

செய்து பாருங்கள்

வலப்பக்க முன் லென்சைக் கையால் மூடி, இடக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக் கண்ணுக்கான வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவில் வையுங்கள். அடுத்தவர் பார்த்துவிட்டுத் தரும்போது மறுபடி அங்கே வைத்தால் போதும். பிறகு நடுச் சக்கரம் மட்டுமே வேலை செய்யும். முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டி வைத்தால் நடுக்கம் குறையும்.

என் முடிவு: 8×25, நன்றாக மடங்குவது, கண்ணாடியோடு பார்க்கக்கூடியது. பெரிதாகக் காட்டுவதைவிட எல்லோருக்கும் தெரிவதுதான் முக்கியம். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கூழைக்கடாவின் அலகுப் பை தெரியணும். உங்கள் கருத்தைக் கீழே உள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள்.

எச்சரிக்கை: பைனாகுலரில் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பார்வையே போய்விடும்!