தாதுவைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்

கப்பலூர்த் தொழிற்பேட்டையின் பட்டறை முதல் வைகைமேல் நிற்கும் பாலம் வரை இரும்பின்றி அமைவன அரிது. அவ்விரும்போ மண்ணில் தூயதாகக் கிடைப்பதன்று. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட் தாது குவார்ட்சுடன் கலந்துள்ளது. ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களின் ஹேமடைட் தாதுவில் இரும்பு மிகுதி. எனினும் களிமண்ணோடு சேர்ந்துவரும் அலுமினாவும் மிகுதி.

அலுமினா மிகுந்தால் ஊது உலையில் கசடு எளிதில் ஓடாமல் கெட்டிப்படும். கற்கரியும் இளக்கியும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே தாதுவை நீரால் கழுவுகின்றனர். அப்போது நுண்ணிய இரும்புத் துகள்களும் களிமண்ணோடு கலந்து கழிவுக் குளங்களில் சேறாகத் தேங்குகின்றன. செல்வம் வீணாவதோடு, குளக்கரை உடைந்தால் ஆறும் வயலும் பாழாகும்.

இச்சேற்றிலிருந்து இரும்பைப் பிரிக்க ஒரு பாக்டீரியா உதவும் என்பதை, 1990களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் குழுவினர் நிகழ்த்திய ஆய்வுகள் காட்டின. மண்ணில் வாழும் அதன் பெயர் பேனிபேசில்லஸ் பாலிமிக்சா.

செம்புத் தாதுவிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கப் பயன்படும் பாக்டீரியாக்கள் உள்ளன. இது அவ்வாறு கரைப்பதன்று. துகளின் மேற்பரப்பை மட்டுமே மாற்றுகிறது. இது சுரக்கும் பாலிசாக்கரைடு ஹேமடைட் துகளில் படிந்து, அதனை நீரை விரும்புவதாக்குகிறது. இது சுரக்கும் புரதமோ குவார்ட்சு, கயோலினைட் களிமண் ஆகியவற்றில் படிந்து, அவற்றை நீரை வெறுப்பனவாக்குகிறது. பின்னர் நீரில் காற்றைச் செலுத்தினால், மாசுத் துகள்கள் குமிழிகளைப் பற்றி மேலெழுகின்றன. இரும்புத் துகள்கள் அடியில் தங்குகின்றன. வேதிப்பொருள்கள் செய்யும் பணியை இங்கு உயிர்ப்பொருள்கள் செய்கின்றன.

இம்முறைக்குத் தடைகளும் உண்டு. பாக்டீரியாவைப் பேரளவில் வளர்க்கச் சர்க்கரை கலந்த ஊட்டநீரும் ஏற்ற வெப்பநிலையும் தேவை. நாள்தோறும் டன் கணக்கில் தாது வரும் ஆலையில் இவற்றைக் குறைந்த செலவில் அமைப்பதே இன்றைய அறைகூவல். புதிய மலையைத் தோண்டுமுன், தோண்டியதில் வீணானதை மீட்க முயல்வதே அறிவுடைமை. அம்முயற்சிக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரும் துணைநிற்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உலோகத்தைக் கரைக்கும் பாக்டீரியாவுக்கும் துகளின் மேற்பரப்பை மாற்றும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ‘கழிவும் ஒரு வளமே’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.