நம்பிக்கை வளர்க்கும் வேத வாசிப்பு: ஏற்காட்டுக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

• நேரம்: சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் காலை வேலை நெருக்கும். அப்போது இரவுக் குடும்ப ஜெபத்தோடு வாசிப்பைச் சேர்ப்பது எளிது.

• அளவு: நீதிமொழிகளின் 31 அதிகாரங்களைத் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். 150 சங்கீதங்கள், நாளுக்கு ஐந்தாக 30 நாளில் முடியும். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதத்தைப் பிரித்து வாசிப்பது நல்லது.

• சூழல்: தேவனுடைய திட்டத்தை நம்பப் பலரும் நாடும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கான கடிதத்தில் உள்ளது. முந்தைய வசனமோ 70 ஆண்டுக் காத்திருப்பைச் சொல்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசித்தால், அவசரப்படாத நம்பிக்கை பிடிபடும்.

• பராமரிப்பு: பனிமூட்ட மாதங்களில் தாளில் பூஞ்சை பூக்கும்; எனவே வேதாகமத்தை ஈரச் சுவரை ஒட்டி வைக்காமல், அவ்வப்போது நிழலில் காற்றாட விரித்து வைக்க வேண்டும்.